தேடி வருபவர் எதைப் பார்க்கிறார்?

சென்ற கோடையில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். இருப்புப் பதிவேட்டின்படி சேலைகள் பெருமளவில் தேங்கிக் கிடந்தன. செலவுக் கணக்கிலோ, 'வலைத்தளம் அமைத்த வகை' என்று ஒரு கணிசமான தொகை எழுதப்பட்டிருந்தது. "இதன் வாயிலாக எத்தனை சேலைகள் விற்றன?" என்று வினவினோம். காரியதரிசி சற்றுத் தயங்கி, "இரண்டு ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை, ஐயா. ஜனங்கள் இணையத்தில் பட்டு வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது" என்றார்.

அவ்வேளையில் கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் தந்தைக்கு உணவு கொண்டு வந்தாள். "உன் தோழியின் கல்யாணத்திற்கு ஒரு சேலை வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள். உன் கைப்பேசியில் தேடிக் காட்டு, அம்மா" என்றோம். 'கல்யாணப் பட்டுப் புடவை' என்ற மூன்று தமிழ்ச் சொற்களை அவள் ஆங்கில எழுத்துக்களில் எழுதினாள். வந்த பட்டியலில் முதல் நான்கைந்து பெயர்களின்மீதே அவள் கண் சென்றது. ஒன்றைத் திறந்தாள், விலை தென்படவில்லை, உடனே மூடிவிட்டாள். அடுத்ததில் கரையும் முந்தானையும் தெளிவாகத் தெரியும் படங்களும், அவற்றின் கீழேயே விலையும் இருந்தன, அங்கே நின்றாள். இவ்வளவும் ஒரு நிமிஷத்திற்குள் முடிந்துவிட்டன. தந்தையின் சங்கம் அவள் பார்த்த இடத்தில் எங்கும் இல்லை. சங்கத்தின் பெயரையே எழுதித் தேடச் சொன்னோம். அப்பொழுதுதான் அது கிட்டியது. திறந்ததும் ஆண்டு விழா மாலை மரியாதைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாயின. அவற்றைத் தொடர்ந்து தலைவரின் வாழ்த்துரை. அதற்கும் மேலே, என்றோ முடிந்துபோன தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பு ஓடும் எழுத்துக்களில் சென்றுகொண்டிருந்தது.

"அப்பா, புடவை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள் அப்பெண். காரியதரிசி பதில் சொல்லவில்லை.

அப்பெண் பொறுமையற்றவள் என்று எவரும் எண்ண வேண்டா. உலகெங்கும் ஜனங்கள் தேடும் விதம் அதுவேயாகும். 1998-ல் அல்டாவிஸ்டா என்னும் தேடுபொறியில் ஆறு வார காலத்தில் பதிவான ஏறத்தாழ 100 கோடி வேண்டுகோள்களை ஆராய்ந்தார்கள். ஒருவர் ஒரு முறை தேடுவதற்கு எழுதிய சொற்கள் சராசரியாக 2.35 மட்டுமே; நூற்றுக்கு 85 தடவை முதற் பக்கத்திற்கு அப்பால் எவரும் செல்லவில்லை. அல்டாவிஸ்டா 2013-ல் மூடப்பட்டது. கைப்பேசியும் குரல்வழித் தேடலும் வந்தன; சொற்கள் சற்று நீண்டிருக்கின்றன. ஆயினும் முதற் பக்கத்தைத் தாண்டாத பழக்கம் மாறிவிடவில்லை.

இப்பழக்கத்திற்கு அமெரிக்காவில் ஸீராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த பீட்டர் பைரோலி, ஸ்டூவர்ட் கார்ட் ஆகிய இருவரும் 1990-களில் கூறிய விளக்கம் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். இரை தேடும் பறவை ஒரு வயலில் இறங்குகிறது. கொத்தும் உழைப்புக்கு ஏற்ற தானியம் கிடைக்கும் வரையில் அங்கே இருக்கிறது. குறைந்தால் அடுத்த வயலுக்குப் பறந்துவிடுகிறது. செய்தி தேடும் மனிதனும் அவ்விதமே நடக்கிறான் என்பது அவர்களுடைய கொள்கை. ஓர் இணைப்பின் பெயரையும் அதன் கீழுள்ள ஓரிரு வரிகளையும் கொண்டு, 'இங்கே நாம் தேடுவது இருக்கும்' என்று மோப்பம் பிடிக்கிறான். மோப்பம் விட்டுப்போனால் திரும்பிவிடுகிறான். நமது காரியதரிசியின் வயலில் தானியம் இல்லாமலில்லை. மாலைகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

இனி, சங்கத்தின் பெயர் பட்டியலில் ஏன் வரவில்லை என்று பார்ப்போம். தேடுபொறி பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று பெரியதோர் அகராதிபோல் எழுதி வைத்திருக்கிறது. சங்கத்தின் தளத்திலோ 'கோர்வை, ரகம் 14' என்று இருப்புப் பதிவேட்டின் பாஷையே காணப்பட்டது. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து பிணைக்கும் அருந்தொழிலுக்குக் கோர்வை என்று பெயர் என்பதை நெசவாளர் அறிவார், வாங்குபவர் அறியார். அவர் 'சிவப்புக் கரை போட்ட பச்சைப் பட்டு' என்றுதான் எழுதுவார். அச்சொற்கள் அங்கே ஓரிடத்திலும் இல்லை. விலைப்பட்டியலோ தட்டச்சு செய்த தாளைப் படம் பிடித்துப் போட்டதாக இருந்தது. 'கோர்வை' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். அதன் பக்கத்திலேயே வாங்குபவரின் சொல்லையும் எழுதி, கோர்வை இன்னதென்று இரண்டு வரிகளில் விளக்கினால் சேலையின் மதிப்பும் உயரும்.

விளைபொருள் சங்கங்களுக்கும் இதே தொல்லை உண்டு. 'மஞ்சள்' என்று மட்டும் எழுதித் தேடினால் நிறமும் வரும், மருத்துவக் குறிப்பும் வரும். ஆகவே வாங்குபவர் ஊரையோ விலையையோ சேர்த்து எழுதுகிறார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை விற்கும் சங்கம் தன் பக்கத்தில் ஊர்ப் பெயரையும், விரலி, கிழங்கு என்ற ரகத்தையும், அன்றைய விலையையும் எழுதாவிடில் யாருக்கு நஷ்டம்?

மற்றொரு காரணமும் உண்டு. 1998-ல் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் கூகுளை நிறுவியபோது, பிற பக்கங்கள் எந்தப் பக்கத்தைச் சுட்டுகின்றனவோ அதற்கு மதிப்பு மிகுதி என்ற முறையைக் கைக்கொண்டனர். அதாவது ஒவ்வொரு சுட்டும் ஒரு வாக்கு. ஆனால் நமது இயக்கத்தில் உள்ளதுபோல் ஆளுக்கு ஒரு வாக்கு அன்று. மதிப்புள்ள பக்கத்தின் வாக்குக்கு எடை அதிகம். (கூட்டுறவாளர்க்கு இது உவப்பாக இராது.) இன்று வேறு பல கணக்குகளும் சேர்ந்துள்ளன. 2024 முதல் கூகுள் சில வினாக்களுக்கு இயந்திரமே தொகுத்த விடையைப் பட்டியலுக்கு மேலேயே தருவதால், தளங்களைத் திறவாமலே திரும்புபவரும் இருக்கின்றனர்.

திறப்பவரை நிறுத்துவது எது? கனடாவிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தார் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒரு பக்கம் கவர்ச்சியாயிருக்கிறதா என்ற எண்ணம் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கிலேயே தோன்றிவிடுகிறது. 2002-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2,684 பேரிடம் தளங்களின் நம்பகத்தன்மையைப் பற்றிக் கருத்துக் கேட்டனர். கிடைத்த கருத்துரைகளில் 46.1 சதவிகிதம் தளத்தின் தோற்றத்தைக் குறிப்பிட்டன. இதைக் கேட்டுச் சிலர் இன்னும் வர்ணம் பூசக் கிளம்பலாம். அழகு வேறு, அலங்காரம் வேறு. சேலையைத் திண்ணையில் நல்ல வெளிச்சத்தில் விரித்து எடுத்த படம் போதும். படம் கனமாயிருந்தால் திறக்கும் வரையில் எவரும் காத்திரார்.

இவற்றையெல்லாம் அன்று நிர்வாக சபையாரிடம் சொன்னபோது, வாழ்த்துரையை நகர்த்துவதைப் பற்றித்தான் நெடுநேரம் விவாதம் நடந்தது. ஐப்பசியில் மறுபடியும் சென்றோம். முதற் பக்கத்தில் பன்னிரண்டு சேலைகள், விலையுடன் இருந்தன. தலைவரின் படம் மூன்றாம் பக்கத்திற்குப் போயிருந்தது. முன்பு அங்கிருந்த தொலைபேசி எண் ஓய்வு பெற்றுவிட்ட ஓர் எழுத்தருடையது. இப்பொழுது புதிய எண்ணும், பேசக்கூடிய நேரமும் எழுதப்பட்டிருந்தன. பேருந்து நிலையத்திலிருந்து அந்த எண்ணை அழைத்துப் பார்த்தோம். இரண்டாம் மணியில் காரியதரிசியே எடுத்து, "எந்த நிறம் வேண்டும், அம்மா?" என்றார். சற்று முன்புதான் யாரோ ஒரு பெண்மணியிடம் பேசிக்கொண்டிருந்தாராம்.