மறுசீரமைப்பும் ஆட்குறைப்பும்: போர்ட் டால்போட் உருக்காலை ஒரு நோக்கு

கனரகத் தொழில் குறித்த செய்திகளில் ‘மறுசீரமைப்பு’, ‘ஆட்குறைப்பு’ எனும் இரு சொற்களும் அருகருகே வழங்கக் காண்கிறோம். முன்னது உற்பத்தி முறையில் ஏற்படும் மாற்றத்தைக் குறிப்பது; பின்னது அம்மாற்றத்தால் தொழிலாளர் வேலை இழப்பதைக் குறிப்பது. முன்னதிலிருந்து பின்னது பிறக்கும் தன்மையை வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்போட் உருக்காலையைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

1960களில் இவ்வாலையில் ஏறத்தாழ 18,000 பேர் பணியாற்றினர். கோரஸ் நிறுவனத்தை 2007ஆம் ஆண்டில் இந்தியாவின் டாட்டா ஸ்டீல் வாங்கியதன்வழி இவ்வாலை அதன் உடைமையாயிற்று. அங்கு எஞ்சியிருந்த இரண்டு ஊதுலைகளும் 2024ஆம் ஆண்டு ஜூலை, செப்டம்பர் மாதங்களில் மூடப்பட்டன. பிரிட்டன் முழுவதும் 2,800 வரையிலான வேலைகள் இல்லாது போகும் என அவ்வாண்டு ஜனவரியில் நிறுவனம் அறிவித்திருந்தது.

இதன் காரணத்தை உலையின் இயல்பிலேயே காணலாம். ஊதுலை, இரும்புத் தாதுவிலிருந்து கற்கரியின் துணையால் இரும்பைப் பிரித்தெடுப்பது. கற்கரி சுடுவதற்கும் தாதுத் தூளைக் கட்டியாக்குவதற்கும் தனித்தனிப் பிரிவுகள் வேண்டும். அதற்கு மாற்றாக அமையும் மின்வில் உலையோ, பழைய இரும்பை மின்னாற்றலால் உருக்குவது. ஆகவே, கரிமவாயு வெளியீடு பெரிதும் குறைகிறது. முற்கூறிய பிரிவுகளும் அவற்றை நம்பியிருந்த பணிகளும் உடன் மறைகின்றன.

புதிய உலைத் திட்டத்தின் மதிப்பு 125 கோடி பவுண்டு. அதில் 50 கோடி அரசின் நிதி. கட்டுமானம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. உற்பத்தியோ 2027ஆம் ஆண்டின் இறுதியிலோ 2028ஆம் ஆண்டின் தொடக்கத்திலோதான் எதிர்பார்க்கப்படுகிறது. இவ்விடைவெளியே சிக்கலின் மையம் என்பது நம் கருத்து. ஓர் ஊதுலையையேனும் தொடர்ந்து இயக்கிப் படிப்படியாக மாறலாம் எனத் தொழிற்சங்கங்கள் முன்மொழிந்தன. செலவும் நடைமுறை இடர்களும் மிகுதி என நிறுவனம் அதனை ஏற்கவில்லை.

சுற்றுச்சூழலுக்கு இம்மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயின், அதன் பயனைப் பலரும் பெற, அதன் விலையை ஓர் ஊரே செலுத்துவது முறையாகாது. உலை மாறும் காலத்தையும் தொழிலாளர் புதுத்தொழில் கற்கும் காலத்தையும் ஒருங்கே கணக்கிடும் திட்டமே மறுசீரமைப்பு எனும் பெயருக்கு உரியதாகும். ஏனையவற்றை ஆட்குறைப்பு என்றே வழங்குதல் தகும்.