பாடசாலையின் ஆண்டறிக்கையையும் கடைக்கணக்குப் போல் வாசிப்போம்

சென்ற மாதம் ஒரு நாள் நிலுவை கேட்டு நீர்வேலிக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாயைக் கடந்தால் இரு பக்கமும் செம்மண் தோட்டங்களும் வாழைகளும் தொடங்கிவிடும். அங்கே கிணற்றை நம்பித் தோட்டம் செய்யும் பலர் தண்ணீர் பம்ப் உதிரிப்பாகங்களுக்கும் குழாய்களுக்கும் என் கடையில்தான் பற்று வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். வாக்குத் தவறாத மனிதர். ஆனால் இந்தத் தடவை இரண்டு மாத நிலுவை நின்றுவிட்டது.

"நானா, குறை நினைக்காதேங்கோ. இந்த மாசம் பேத்தியின்ர பள்ளிக்கூடக் காசு கட்டினனான். அடுத்த கதலிக் குலை வெட்டினவுடனே கொண்டு வந்து தாறன்" என்றார்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினார். பேத்தி படிக்கும் தனியார் ஆங்கிலப் பாடசாலை வெளியிட்ட வருடாந்த முன்னேற்ற அறிக்கை அது. நல்ல தாள், வர்ண அச்சு. பரிசு வாங்கும் பிள்ளைகளின் படங்கள், "நவீன கற்பித்தல் முறை" என்ற தலைப்பில் ஒரு பக்கம், "மிகச் சிறந்த பெறுபேறுகள்" என்று இன்னொரு பக்கம். "நீங்கள் கணக்கு வழக்குத் தெரிஞ்ச ஆள். இதைப் பார்த்துச் சொல்லுங்கோ, என்ர காசு சரியான இடத்திலதான் போகுதா?" என்று கேட்டார்.

என் மகளின் மகளுக்கும் வரும் வருடம் முதலாம் வகுப்பு. மருமகன் இதே பாடசாலையைத்தான் மனதில் வைத்திருந்தார். ஆகவே அந்தக் கேள்வி எனக்கும் உரியதாகிவிட்டது. அறிக்கையை வாங்கி வந்து இரண்டு இரவு வைத்துப் பார்த்தேன். அந்த வாசிப்பில் விளைந்ததே இக்கட்டுரை.

கம்பனியாக நடக்கும் பாடசாலை

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்று வந்த பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. சில பாடசாலைகள் மட்டும் தனியாராகவே நின்றன. யாழ்ப்பாணத்தில் பரியோவான் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் அத்தகையவை. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு அதன்பின் யாரும் புதிதாகப் பாடசாலை திறக்க முடியாதபடி 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் வழியை அடைத்தது.

1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. 1980களில் இருந்து சர்வதேசப் பாடசாலைகள் பெருகின. இவை கல்விச் சட்டத்தின் கீழ்ப் பாடசாலையாகப் பதியப்படாமல் கம்பனிச் சட்டத்தின் கீழ்க் கம்பனியாகப் பதியப்பட்டவை. இன்று நடைமுறையில் இருப்பது 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம். உங்கள் கடையும் என் கடையும் கம்பனியாகப் பதிந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் வருமோ, அதே சட்டம்தான். அரசாங்கப் பாடசாலையை மேற்பார்வை செய்வது போல வலயக் கல்வி அலுவலகம் இவற்றை மேற்பார்வை செய்வதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றாக நடத்தப்படும் சர்வதேசப் பாடசாலைகள் இருக்கின்றன. நான் சொல்ல வருவது, மேற்பார்வை செய்ய ஆள் குறைந்த இடத்தில் வாங்குபவனே கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான். சரக்கை உரசிப் பார்த்து வாங்கும் நாம், பிள்ளையின் படிப்பு என்றதும் வர்ண அட்டையைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்.

என் வீட்டில் நடந்தது

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் புத்தளம் போய்ச் சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே தலை நிமிர்ந்து ஒரு கடை போட்டதும் மூத்த மகனை ஆங்கிலப் பாடசாலை ஒன்றில் சேர்த்தேன். "எங்கள் மாணவர் அனைவரும் சித்தி" என்று அந்தப் பாடசாலை வருடா வருடம் பெனர் கட்டும். அதைப் பார்த்தே சேர்த்தேன்.

மகன் கணக்கில் கொஞ்சம் மந்தம். பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "இவருக்கு வேறு இடம்தான் பொருத்தம்" என்று சொல்லி விடுகைப் பத்திரத்தைக் கையில் தந்தார்கள். அந்த வருடமும் பெனர் கட்டினார்கள்: அனைவரும் சித்தி! அதில் பொய் இல்லை. தோற்றியவர் அனைவரும் சித்திதான். தோற்ற விடாமல் அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஒன்பது வருடக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பத்தாவது வருடத்தில் என் பிள்ளையைக் கணக்கில் இருந்து கழித்துவிட்டார்கள். இன்று அவன் என்னோடு கடையில் நிற்கிறான். நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னால் முகம் வாடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அன்று கேட்காத கேள்வி என் நெஞ்சில் குத்தும்.

எத்தனை பேரில் எத்தனை பேர்?

நீர்வேலி அறிக்கையில் நான் முதலில் தேடியது அந்தக் கேள்விக்கான விடையைத்தான். "இத்தனை பேர் விசேட சித்தி" என்று இருந்தது. எத்தனை பேர் தோற்றினார்கள் என்று இல்லை. அந்த வகுப்பில் ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்றும் இல்லை.

உதாரணமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாம் வகுப்பில் 30 பிள்ளைகள். பதினோராம் வகுப்புக்கு வரும்போது 12 பேர். அவர்களில் 12 பேரும் சித்தி. பிரசுரத்தில் அது நூற்றுக்கு நூறு. தொடக்கத்தில் இருந்து பார்த்தால் நூற்றுக்கு நாற்பது. விலகியவர்களில் வெளிநாடு போனவர்களும் இருக்கலாம், வீடு மாறியவர்களும் இருக்கலாம். ஆனால் காரணத்தைப் பாடசாலை சொல்ல வேண்டும். பத்து மூடை அரிசி எடுத்து ஆறு மூடை விற்றவன், "விற்றதில் எல்லாம் இலாபம்" என்று சொன்னால் நாம் ஏற்போமா? மிச்ச நாலு மூடை எங்கே என்றுதானே கேட்போம்?

இரண்டாவது, முதலிடம் பெற்ற பிள்ளையின் படம். கெட்டிக்காரப் பிள்ளை எங்கே விட்டாலும் படிக்கும். பாடசாலையின் உழைப்பு தெரிவது நடுத்தரப் பிள்ளையிடத்தில்தான். சென்ற வருடம் 40 புள்ளி எடுத்த பிள்ளை இந்த வருடம் 55 எடுத்திருந்தால் அங்கே யாரோ படிப்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வருடாந்த முன்னேற்றம் என்றால் அதே பிள்ளையின் போன வருடமும் இந்த வருடமும் அருகருகே இருக்க வேண்டும்.

எந்தப் பரீட்சை, எந்தக் கதவு?

சர்வதேசப் பாடசாலை என்ற பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு வகைப் படிப்பு நடக்கிறது. ஒன்று, கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் நடத்தும் பிரித்தானியப் பரீட்சைகளுக்கான படிப்பு. மற்றது, நமது தேசியப் பாடத்திட்டத்தையே ஆங்கில மொழி மூலம் படிப்பித்து உள்ளூர்ச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றச் செய்வது. பல பெற்றோருக்குத் தம் பிள்ளை எந்த வண்டியில் ஏறியிருக்கிறது என்பதே தெரியாது.

இது சின்ன விசயம் அல்ல. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் பொதுவான அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளி மூலமே நடக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் தகைமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்பது அதன் கணக்கு. பிரித்தானிய உயர்தரம் படித்த பிள்ளைக்கு அந்தப் பெருங்கதவு திறக்காது. வெளிநாடு அல்லது தனியார் பட்டப்படிப்பு என்று காசு கொடுக்கும் பாதைதான் பெரும்பாலும் மிஞ்சும். ஆகவே முதலாம் வகுப்புக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் கடைசி வருடம் வரை கூட்டிப் பார்க்க வேண்டும்.

பிரித்தானியப் பரீட்சைக் கட்டணத்தின் அடிப்படை பவுண். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பவுணும் கூடவே ஏறியது. இறக்குமதிச் சரக்கு விற்கும் நமக்கு அந்த அடி நன்றாகத் தெரியும். வாழைக்குலையை ரூபாவில் விற்று, பிள்ளையின் பரீட்சைக்குப் பவுண் கணக்கில் கட்டுபவர் அந்நியச் செலாவணி ஆபத்தைத் தலையில் சுமக்கிறார். அதைத் தெரிந்து சுமக்க வேண்டும்.

படிப்பிப்பது யார், எப்படி?

"செயல்முறைக் கற்றல்" என்று பிரசுரத்தில் இருந்தது. நல்ல சொல். ஆனால் முறையை நடத்துவது ஆசிரியர். நீர்வேலிக்குப் பக்கத்தில் கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. கல்வியியற் கல்லூரியில் பயின்று வெளியேறுவோர் ஓய்வூதியத்தோடு கூடிய அரசாங்க நியமனத்துக்குப் போகிறார்கள். ஆகவே தனியார் பாடசாலைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரைப் பிடித்து வைத்திருப்பது கடினம். வருடத்துக்கு மூன்று ஆசிரியர் மாறும் வகுப்பில் எந்த முறையும் நிலைக்காது. கணக்கப்பிள்ளை மாதத்துக்கு மாதம் மாறும் கடையின் பேரேடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

தாய்மொழியையும் கேட்க வேண்டும். நீர்வேலிக்கு அடுத்த ஊர் சிறுப்பிட்டி. 1832இல் அங்கே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் படித்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். அழியவிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றியவரும் அவரே. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமானார். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக 1948 முதல் 1961 வரை இருந்தார். இருவருக்கும் ஆங்கிலம் ஏணியாக இருந்தது. தமிழை உதைத்துவிட்டு அவர்கள் ஏறவில்லை. தமிழிலும் எழுதத் தெரியாமல், ஆங்கிலத்திலும் சிந்திக்கத் தெரியாமல் நடுவில் நிற்கும் பிள்ளையை உருவாக்கும் பாடசாலைக்கு நாம் ஏன் காசு கட்ட வேண்டும்?

அதிபர் முன்னால்

அடுத்த கிழமை நானும் அந்த விவசாயியும் மருமகனுமாக அதிபரைப் பார்க்கப் போனோம். ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன்.

1. கடந்த மூன்று வருடங்களில் வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன்?
2. பரீட்சைக்குத் தகுதியான வகுப்பில் எத்தனை பேர், தோற்றியவர் எத்தனை பேர், சித்தி எத்தனை பேர்?
3. இங்கே மூன்று வருடத்துக்கு மேல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களின் பயிற்சி என்ன?
4. பிள்ளை பின்தங்கினால் நீங்கள் செய்வது என்ன? வெளியே ரியூஷனுக்கு அனுப்பச் சொல்வீர்களா?
5. எந்தப் பரீட்சை, கடைசி வகுப்பு வரை மொத்தச் செலவு எவ்வளவு, இடையில் விலகினால் எது திரும்பி வரும்?

அதிபர் தாளை வாங்கி வாசித்தார். முகம் கொஞ்சம் இறுகியது. எழுந்து போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ அலுமாரியைத் திறந்து மூன்று வருட இடாப்புகளை எடுத்து மேசையில் வைத்தார். "ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை. பெற்றோர் கேட்டால்தானே நாங்களும் அச்சடிப்போம்" என்றார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் நேராக விடை தந்தார். எல்லாம் இனிப்பான விடைகள் அல்ல. மூன்றாவதுக்கு, ஆசிரியர் நிற்காததே தம் பெரிய தலையிடி என்று ஒத்துக்கொண்டார். கட்டண விபரத்தை எழுத்தில் தருவதாகச் சொல்லி, இரண்டு நாளில் அனுப்பியும் வைத்தார்.

பிரசுரத்தை விட அந்த இடாப்புதான் எனக்கு அவர்மேல் மரியாதையை ஏற்படுத்தியது.

திரும்பி வரும்போது விவசாயி முடிவைச் சொல்லிவிட்டார்: பேத்தி அங்கேயே தொடர்வாள், ஆனால் ஒவ்வொரு தவணையும் அவர் போய் இடாப்பைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் கணக்கு வேறு விதமாக வந்தது. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்த மருமகன், இலவசப் பாடநூலும் சீருடையும் கிடைக்கும் அரசாங்கப் பாடசாலையில் பேத்தியைச் சேர்த்து, மிச்சப்படும் காசில் ஒரு பகுதியை ஆங்கிலத்துக்கும் மறு பகுதியை அவளின் பெயரில் சேமிப்புக்கும் ஒதுக்குவோம் என்றார். 2001, 2002 முதல் சில அரசாங்கப் பாடசாலைகளிலும் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் அதை யோசிக்கலாம். இரண்டு முடிவில் எது சரி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவுகள், அது போதும்.

வியாபார அன்பர்களே! சரக்கில் நட்டம் வந்தால் அடுத்த லோட்டில் சரிக்கட்டலாம். பிள்ளையின் பத்து வருடத்துக்கு அடுத்த லோட்டு இல்லை. பணம் கட்டும் முன் இடாப்பைக் கேளுங்கள். காட்டும் பாடசாலையோடு பேசுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் பற்றுச்சீட்டு வாங்காதீர்கள்.