பொதியமலையின் மூத்த மரம்

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே, சுருவில் கிராமத்தவர் எவரையேனும் நோக்கி, 'கூம்பு காய்க்கும் ஊசியிலை மரம் உங்கள் பக்கத்தில் உண்டா?' என வினவினால், 'காரைநகரில் நிற்கிறதே!' என விடை வருதல் கூடும். அவர் கருதுவது கசூரினாக் கடற்கரைக்குப் பெயர் தந்த சவுக்கு மரத்தையே. ஊசி போன்ற பசுமையும் சிறு கூம்பு போன்ற காயும் கண்ணை ஏமாற்றிவிடுகின்றன. உண்மையில் அவ்வூசி இலையன்று. கணுக்கணுவாய் இழுத்துக் கழற்றத்தக்க பசிய சிறு கிளை. இலைகளோ ஒவ்வொரு கணுவிலும் பற்கள் போலச் சுருங்கி ஒட்டியிருக்கின்றன. சவுக்கு பூக்கும் மரம். மாவுக்கும் வேம்புக்கும் உள்ள உறவு பைன் மரத்தோடு அதற்கு இல்லை.

கூம்பு மரங்கள் வித்துமூடியிலி என்னும் வகுப்பைச் சார்ந்தவை. அவற்றின் வித்து, கனியினுள் அடைபட்டு வளர்வதன்று. வெளியே திறந்தவாறு உருவாவது. பூக்கும் தாவரங்கள் உலகில் தோன்றுமுன்னரே காடுகளை ஆண்ட குலம் இது. அக்குலத்தில் இலங்கைக்கு உரிமையான மரம் இன்று ஒன்றுதானும் இல்லை என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். வித்துமூடியிலிகளில் சைக்காசு மரங்களும் நீற்றம் என்னும் கொடியும் நம் நாட்டுக்குரியன. மலைநாட்டிற் காணும் பைன், சைப்பிரசு மரங்களெல்லாம் மனிதர் கொணர்ந்து நட்டவை.

என்றும் இப்படி இருந்ததில்லை. புத்தளத்தை அடுத்த தப்போவப் பகுதியின் பாறைப் படைகளிலே தாவரச் சுவடுகள் கிடைத்தன. செவார்டு, ஹோல்ட்டம் என்னும் அறிஞர் இருவர் 1922 ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். அவை யுராசிக் காலத்தவை. அதாவது இற்றைக்குப் பதினான்கரைக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றுள் கூம்பு மரத்துக் கிளைகளும் உள. ஆகவே இம்மண்ணில் அக்குலம் வாழ்ந்திருந்து, பின் மறைந்தது.

அதன் உறவினரை உயிரோடு காண வேண்டுமாயின் கடல் கடக்க வேண்டும். நெடுந்தூரமன்று, தீவகத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றரில், தமிழர் அகத்தியரோடு சேர்த்துப் போற்றும் பொதியமலைத் தொடர் இருக்கின்றது. அங்கே களக்காடு, முண்டந்துறைப் பக்கத்து மழைக்காடுகளில் நகேயா வாலிச்சியானா என்னும் மரம் வளர்கின்றது. முன்னர் இதனைப் போடோகார்ப்பசு இனத்தோடு சேர்த்து எழுதினர். தென்னிந்தியாவுக்கு இயற்கையாய் உரிய கூம்பு மரம் இஃதொன்றே. அசாம், பர்மா முதலாக நியூகினி வரையிலும் இதே மரம் பரந்துள்ளது.

இதிலே ஊசியும் இல்லை, வழக்கமான கூம்பும் இல்லை. இலை அகன்று, தடித்து, பளபளப்பாய் இருக்கும். வித்து உருண்டையானது, அதன் அடியிலே சதைப்பற்றான காம்பு அமைந்திருக்கும். வெடிப்பலாவும் நாங்கும் நெருங்கி நிற்கும் காட்டில் இதனைப் பிரித்தறிய வல்லவர் சிலரே.

ஊசியிலைக் குலத்திற் பிறந்த மரம் அகன்ற இலை பூண்டது ஏன்? மழைக்காட்டின் அடியிலே வெளிச்சம் மிக அரிது. மெல்லிய ஊசி அங்கே போதிய ஒளியை ஏந்தாது. பைன் ஊசியின் நடுவே ஓடும் நரம்பைக் கொண்டு அகன்ற இலை முழுவதற்கும் நீரூட்டவும் இயலாது. நகேயா இத்தொல்லையைத் தீர்த்த வழி அழகானது: நடுநரம்பையே விட்டுவிட்டு, மூங்கிலிலையிற் போல எண்ணிறந்த மெல்லிய நரம்புகளை இணைகோடுகளாய் இலை நெடுகப் பாய்ச்சியிருக்கின்றது. இதன் தண்டிலே பூக்கும் மரங்களுக்குள்ள அகன்ற நீர்க்குழாய்கள் இல்லை, வளர்ச்சியும் விரைவானதன்று. நிழலைப் பொறுத்து, காத்திருந்து, மெல்ல உயர்ந்தே காட்டுக் கூரையை எட்டுகின்றது.

இம்மரத்தின் இடர் எங்கே உள்ளதென்பதைப் பனையோடு பழகிய நம்மவருக்கு எளிதில் விளக்கலாம். ஆண்பனை வேறு, பெண்பனை வேறு அன்றோ? நகேயாவும் அப்படியே. பெண் மரம் வித்தீன வேண்டுமாயின் காற்று ஆண் மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். பனை வெட்டவெளியில் நிற்பது; காற்றுக்குத் தடையில்லை. அடர்ந்த காட்டினுள்ளோ மகரந்தம் நெடுந்தூரம் செல்லாது. மரங்களோ ஒன்றிங்கும் ஒன்றங்குமாய்ச் சிதறி நிற்பவை. தேயிலைக்கும் வீதிக்கும் அணைக்குமெனக் காடு துண்டுபட்டால், வெட்டப்படாது தப்பிய மரமுங்கூடத் துணையற்றுப் போகும். நூறாண்டு நின்றாலும் அதனடியில் கன்று முளைக்காது. மரத்தின் தலையை எண்ணிக் கணக்கிடுவோர் இதனைக் காண்பதில்லை. கன்றுகளை எண்ணுதல் வேண்டும்.

இவ்வளவு அண்மையில் நிற்கும் மரம் ஈழத்தில் ஏன் இல்லை? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது, ஆழமற்ற பாக்குநீரிணை நிலமாயிருந்தது. நம் தீவுகளும் அந்நிலத்தின் மேடுகளே. வழி இருந்தது உண்மை. ஆனால் அவ்வழி வறண்ட சமவெளி. ஈரமும் நிழலும் நாடும் மரத்தின் வித்து அதிலே விழுந்து முளைத்து, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வருதல் எளிதன்று. யானைக்குப் பாலமான நிலம் மழைக்காட்டு மரத்துக்குக் கடலினும் பெருந்தடையாய் இருந்திருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலங்கையின் மலைச்சரிவுகளில் கரிபியன் பைன் பெருமளவில் நடப்பட்டது. வெறுந்தரை விரைவிற் பசுமையாயிற்று. உலர்ந்த ஊசிகள் குவிந்து தீப்பற்றுவதும் வழக்கமாயிற்று. பின்னர் சிங்கராசக் காட்டின் ஓரத்தில் ஆராய்ச்சியாளர் அப்பைன்களின் நிழலிலேயே நாட்டு மரக்கன்றுகளை நட்டு, அவை செழித்து வளரக் கண்டனர்.

பொதியமலைப் பக்கம் செல்லும் நேயர்கள் நகேயாவை அறிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. எதிரெதிராய் அமைந்த இலைகள் உள்ள கிளையைத் தேர்ந்து, நிலத்தில் உதிர்ந்த இலையொன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். நடுநரம்பு தெரியாது, மெல்லிய கோடுகள் மாத்திரம் அடிமுதல் நுனிவரை ஓடுமாயின், அண்ணாந்து பாருங்கள். பிறகு சுற்றிலும் கன்றுகள் உள்ளனவா எனத் தேடுங்கள்.