மழை பெய்யாத ஊரின் மண்கோட்டை

ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் அல்மேரியா என்றொரு துறைமுக நகரம். ஆண்டுக்குச் சராசரியாக 200 மில்லிமீட்டர் மழைதான். பக்கத்திலேயே தபெர்னாஸ் பாலைவனம். கௌபாய் படங்கள் எத்தனையோ அங்கே எடுக்கப்பட்டன. இந்த ஊருக்கு மேலே, கடலைப் பார்த்த குன்றின் முதுகு நெடுக நீண்டு கிடக்கிறது அல்கஸாபா கோட்டை. கொர்தோபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 955-இல் கட்டத் தொடங்கியது. அவருடைய கடற்படை நின்ற துறை இது. அதே ஆண்டு வட ஆப்பிரிக்காவிலிருந்து ஃபாத்திமியரின் கப்பல்கள் வந்து துறைமுகத்தைத் தாக்கியிருந்தன. மதில் எழுப்ப வேறு காரணம் வேண்டியதில்லை.

தொலைவிலிருந்து பார்க்கக் கல் மதில் போலத் தோன்றும். கிட்டே போனால்தான் தெரியும், பெரும்பகுதி மண். 11-ஆம் நூற்றாண்டில் இங்கே தனி அரசனான கைரான், பக்கத்துப் பள்ளத்தைத் தாண்டி எதிர்க் குன்றுவரை நீட்டிய மதிலும் மண்தான்.

மண் மதில் ஆயிரம் ஆண்டு எப்படி நிற்கும்? கட்டிய முறையில் பாதி விடை இருக்கிறது. இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவே மண்ணும் சரளையும் சுண்ணாம்பும் லேசான ஈரத்தோடு கலந்து கொட்டி, திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். ஈரம் மிகுந்தால் காயும்போது வெடிக்கும். குறைந்தால் பிடிப்பு வராது. இடிக்க இடிக்க உள்ளிருக்கும் காற்று வெளியேறி, சரளைக்கு நடுவேயுள்ள சந்துகளில் நுண்மண் போய் அடைகிறது. இடுப்பு உயரத்துக்கு ஓர் அடுக்கு முடிந்ததும் பலகையைக் கழற்றி மேலே ஏற்றி, அடுத்த அடுக்கு. பலகையைத் தாங்கிய குறுக்குக் கட்டைகள் இருந்த துளைகளை இத்தகைய மதில்களில் இன்றும் வரிசை வரிசையாகக் காணலாம். பலகை நேரானது, அதனால் கோபுரங்களும் பெரும்பாலும் சதுரமாகத்தான் வரும்.

மீதி விடை சுண்ணாம்பில். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோகும். நீற்றிய சுண்ணாம்பு மதிலுக்குள் போனபின், இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. மேற்பரப்பு முதலில் இறுகும். பருத்த மதிலின் நடுவயிறு வரை அந்த மாற்றம் போய்ச் சேரத் தலைமுறைகள் ஆகலாம். கொத்தனார் போனபிறகும் வேலை நடந்துகொண்டேயிருக்கும் கட்டடம் இது.

ஆனால் மதிலைவிடப் பெரிய கவலை தண்ணீர். குன்றின் மேல் ஊற்று கிடையாது. முற்றுகையில் அம்புகள் தீர்வதற்குள் தாகம் ஆளை வீழ்த்திவிடும். ஆகவே பாறையைத் தோண்டிக் கிணறும், நிலத்தடித் தொட்டிகளும் அமைத்தார்கள். அந்தலூசிய, அதாவது முஸ்லிம் ஆட்சிக்கால ஸ்பெயினின், தொட்டிகளுக்கு ஒரு மரபு உண்டு: சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்த பூச்சு, அதாவது நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அது. சுட்ட களிமண் சுண்ணாம்போடு வினைபுரிவதால் தண்ணீருக்குள்ளேயே கெட்டிப்படும். சுவரும் தரையும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்து உருட்டிவிடுவார்கள். தொட்டி முதலில் ஒழுகுவது அந்த மூலையில்தானே. கைரான் கீழே நகரத்துக்குள் கட்டிய தொட்டிகள் சுமார் 6,30,000 லிட்டர் கொள்ளுமாம். பின்னால் வந்த அரசர் அல்-முஃதஸிம் கோட்டை அடிவாரம் வரை வாய்க்கால் நீரைக் கொண்டுவந்து, நீர்ச்சக்கரத்தால் மேலேற்றித் தன் அரண்மனைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினார். அந்த ஊரிலேயே வாழ்ந்த புவியியலாளர் அல்-உத்ரி இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். மழையற்ற ஊரில் நீரைப் போல வேறெது பகட்டு!

பணத்துக்குக் குறைவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இங்கே 800 பட்டுத் தறிகள் ஓடியதாகப் புவியியலாளர் அல்-இத்ரீஸி குறிப்பிடுகிறார். அந்தச் செல்வமே வினையும் ஆயிற்று. 1147-இல் கிறிஸ்தவ மன்னர் ஏழாம் அல்ஃபோன்ஸோ நிலத்திலிருந்தும் ஜெனோவாக் கப்பல்கள் கடலிலிருந்தும் சூழ்ந்து நகரைப் பிடித்தார்கள். பத்தாண்டு கழித்து வட ஆப்பிரிக்காவின் அல்மொஹத்கள் மீட்டார்கள். 1489-இல் மறுபடி கிறிஸ்தவ மன்னர்கள் கைக்குப் போனது, இம்முறை நிரந்தரமாக.

புதிய எஜமானர்கள் மேற்குக் கோடியில் ஒரு கோட்டையைக் கல்லாலேயே எழுப்பினார்கள். அதன் கோபுரங்கள் வட்டம். பீரங்கிக் காலம் வந்துவிட்டது. வளைந்த முகத்தில் குண்டு பட்டால் சறுக்கிப்போகும், சதுர மூலையில் பட்டால் பெயர்த்துவிடும். ஒரே குன்றில் வெடிமருந்துக்கு முன்னும் பின்னும் அருகருகே நிற்பதைப் பார்க்கலாம். 1522-இல் வந்த நிலநடுக்கம் நகரையே தகர்த்தது, கோட்டையும் தப்பவில்லை.

எஞ்சியதைக் காத்ததில் வறட்சிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம். மண் மதிலுக்குப் பீரங்கியைவிடக் கொடிய பகை, அடியிலிருந்து ஏறும் ஈரம். அதில் கரைந்த உப்பு சுவர்முகத்தில் படிகமாகி, மண்ணை உள்ளிருந்தே உதிர்க்கும். ஈரம் குறைந்தால் அந்த அரிப்பும் மெதுவாகும். தொட்டி கட்டவும் வாய்க்கால் வெட்டவும் மன்னர்களை அலைக்கழித்த அதே வானம்தான் மதிலுக்குக் குடை பிடித்தது. இப்போது காண்பதில் கணிசமான பகுதி 20-ஆம் நூற்றாண்டில் செப்பனிட்டது. மண் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும், பூச்சு பாளமாகப் பெயரும். எனவே இத்தகைய மதில்களைச் செப்பனிடும்போது மண்ணும் சுண்ணாம்பும் கலந்து பலகைக்கு நடுவே இடிக்கும் பழைய முறைக்கே வல்லுநர்கள் திரும்புகிறார்கள்.