கடலோரச் சாம்பல் நகரும் ஊரிழந்த சட்டத்தரணியும்

ஜேர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லைக்குத் தெற்கே, வடகடலோரம் அமைந்துள்ளது ஹூசும் என்னும் சிறு நகரம். 1362ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கரையோர நிலங்களை விழுங்கிக் கடலுக்கு வழி திறந்தபின், அது துறைமுகமாயிற்று. கடல் வற்றும் வேளையில் படகுகள் சேற்றிலே சாய்ந்து கிடப்பதை இன்றும் காணலாம்.

இந்நகரைச் 'சாம்பல் நகர்' என உலகறியச் செய்தவர், 1817இல் இங்கு பிறந்த கவிஞர் தியோடோர் ஸ்டோர்ம். தொழிலால் அவர் சட்டத்தரணி. அக்காலத்தில் ஹூசும் டெனிஷ் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1848இல் மூண்ட கிளர்ச்சியில் ஸ்டோர்ம் ஜேர்மன் தரப்பை ஆதரித்தார். கிளர்ச்சி தோற்றது. 1852இல் அவரது தொழில் உரிமை பறிக்கப்பட்டது. மறு ஆண்டு, மனைவி மக்களுடன் பிரஷ்யா சென்ற அவர், பொட்ஸ்டாம் நீதிமன்றத்தில் முதலில் ஊதியமின்றியே பணி செய்தார். தந்தை அனுப்பிய பணமே குடும்பத்தைத் தாங்கியது. பின்னர் ஹைலிகன்ஸ்ரட் நகரில் நீதிபதியானார்.

1864இல் போரில் டென்மார்க் தோற்கவே, ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் அவர் ஊர் திரும்பினார். ஆயினும் மறு ஆண்டே, புலம்பெயர் வாழ்வின் துயரை உடன் சுமந்த மனைவி கொன்ஸ்ரான்ஸ், ஏழாவது குழந்தையைப் பெற்றபின் காலமானார். ஊர் மீண்டும் கிடைத்தது. வாழ்வு பழையபடி கிடைக்கவில்லை.

சமூகவியலறிஞர் பெர்டினண்ட் ரோனீஸ் ஹூசும் பாடசாலையில் பயின்றவர். ஸ்டோர்மின் இளைய நண்பர். உறவாலும் ஊராலும் பிணைந்த வாழ்வையும், ஒப்பந்தத்தால் இணைந்த நவீன வாழ்வையும் வேறுபடுத்தி 1887இல் நூல் எழுதினார். நாசிகளை வெளிப்படையாக எதிர்த்தமையால் 1933இல் பதவி இழந்தார். 1871இல் ஹூசும் கோட்டையில் பிறந்த எழுத்தாளர் பிரான்சிஸ்கா சூ றெவென்ற்லோ, பிரபுக் குடும்பக் கட்டுகளை அறுத்து மியூனிக் சென்று வாழ்ந்தார்.

ஸ்டோர்ம் சென்ற மண்ணிலும் அவரது தாய்மொழியே வழங்கியது. அங்கிருந்தும் அவர் ஊரை நினைந்து ஏங்கினார். மொழியும் மாறிய மண்ணில் வாழும் நம் ஏக்கத்தை அளவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1888இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன் அவர் முடித்த 'வெண்புரவி வீரன்', கடலைத் தடுக்க அணை கட்டியவனின் கதை. ஜேர்மன் பாடசாலைகளில் அது பரவலாகப் படிக்கப்படுகிறது. அதனைப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கதையைத் தமிழிற் சொல்லும்படி கேட்போம். அதை எழுதியவரும் ஒருகாலத்தில் ஊரிழந்து நின்றவரே என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வோம்.