‘ஃபோகஸ்’ பிளேலிஸ்ட்டில் ஓடுவது யாருடைய இசை? ஆம்பியன்ட் ஆல்பம் தேடுவோர் கவனத்துக்கு!

லேப்டாப்பைத் திறந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘ஃபோகஸ்’, ‘டீப் ஸ்லீப்’ என்று ஏதாவது ஒரு பிளேலிஸ்ட்டைத் தட்டிவிடுவது இப்போது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. வரிகள் கிடையாது, தாளம் கிடையாது. மெல்லிய ஓர் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், வேலையும் நடக்கும். மூன்று மணி நேரம் கேட்டவரிடம், ‘யாரோட மியூசிக் இது?’ என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதில் தெரியாமல் இருப்பதில் சிலருக்கு லாபம். நிஜமாகவே உட்கார்ந்து இசையமைக்கிற தனிக் கலைஞர்களுக்கோ வருமானமே போகிறது.

ஆம்பியன்ட் என்றால் என்ன?

இந்தப் பெயர் நிலைக்கக் காரணமானவர் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தபோது, தோழி ஒருவர் கொடுத்துச் சென்ற ஹார்ப் இசைத்தட்டு மிகக் குறைந்த ஒலியில் ஓடியிருக்கிறது. எழுந்து போய்க் கூட்டிவைக்கத் தெம்பில்லை. வெளியே பெய்த மழைச் சத்தத்தோடு கலந்து அது காதில் விழ, ‘இசையை இப்படியும் கேட்கலாமே’ என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1978-ல் வந்த அவருடைய ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ இந்த வகையின் ஆரம்பப் பாடம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கச்சேரியில் தம்புராவை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால், அது நின்றுவிட்டால் உடனே தெரிந்துவிடும். அந்தத் தம்புராவையே மேடை நடுவில் உட்கார வைத்தால் எப்படியிருக்கும்? ஆம்பியன்ட் கிட்டத்தட்ட அதுதான்.

650 பெயர்கள், ஒரே ஆள்!

கவனிக்காமலும் கேட்கலாம் என்ற இந்த குணமே பிறகு வியாபாரமானது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஒரே இசையமைப்பாளர் 650-க்கும் மேற்பட்ட கலைஞர் பெயர்களில் ஸ்பாட்டிஃபையில் இசை வெளியிட்டு, 1,500 கோடி ஸ்ட்ரீம்களைத் தொட்டிருப்பதாக ஸ்வீடன் நாளிதழ் ‘டாகென்ஸ் நிஹெட்டர்’ 2024 மார்ச்சில் எழுதியது. குறைந்த ராயல்டிக்கு இசை தரும் நிறுவனங்களின் டிராக்குகள் மனநிலை பிளேலிஸ்ட்டுகளில் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை அமெரிக்கப் பத்திரிகையாளர் லிஸ் பெல்லி தன் ‘மூட் மெஷின்’ புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். 2017-லேயே இந்தப் பேச்சு எழுந்தபோது, போலிக் கலைஞர்களை உருவாக்குவதே இல்லை என்று ஸ்பாட்டிஃபை மறுத்தது.

இதைவிட முக்கியமானது எண்ணிக்கைக் கணக்கு. ஒரு டிராக் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். இரண்டு நிமிட பியானோத் துண்டும் ஒரு ஸ்ட்ரீம்தான், 50 நிமிட ஆம்பியன்ட் படைப்பும் ஒரு ஸ்ட்ரீம்தான். ஆக, நீளமாக, பொறுமையாக இசையமைப்பவர் தொடக்கத்திலேயே தோற்றுவிடுகிறார். 2024 முதல் இன்னொரு விதியும் வந்தது. 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம்கூட இல்லாத டிராக்குக்கு ராயல்டி கிடையாது. மழைச் சத்தம், ஒயிட் நாய்ஸ் மாதிரி டிராக்குகள் குறைந்தது இரண்டு நிமிடம் இருக்க வேண்டும் என்றும் அப்போதே சொன்னார்கள். அதுவரை அதையும் 30 விநாடித் துண்டுகளாக வெட்டிக் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கதை.

சரி, எதைக் கேட்கலாம்?

முதலில் கேஎம்ஆர்யு. கென்யாவின் நைரோபியில் வளர்ந்து, இப்போது பெர்லினில் வாழும் ஜோசப் கமாரு வைத்துக்கொண்ட பெயர் இது. அவருடைய தாத்தா பெயரும் ஜோசப் கமாருதான். கிகுயு மொழியில் அரசியல் பேசிய பாடல்களால் கென்யாவில் வீடுதோறும் தெரிந்த பாடகர் அவர், 2018-ல் காலமானார். தாத்தாவின் பழைய பாடல்களைத் தேடியெடுத்து இணையத்தில் மறுவெளியீடு செய்துகொண்டிருப்பதும் இதே பேரன்தான். தாத்தா பாடியது வார்த்தையை நம்பி. பேரன் இசையில் வார்த்தையே இல்லை.

தெருவில், வீட்டில் பதிவுசெய்த ஒலிகளை இழுத்து, நீட்டி, அடுக்கி இசையாக்குவது கேஎம்ஆர்யுவின் பாணி. 2020-ல் வந்த ‘பீல்’ ஆல்பத்தில் தொடங்கலாம். அதன் தலைப்பு டிராக் 20 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. எந்த இடத்தில் மாறியது என்று சொல்ல முடியாதபடி மெதுவாக மாறிக்கொண்டே இருக்கிறது. 2024-ல் வந்த ‘நாடூர்’ இன்னும் துணிச்சலானது. நைரோபியின் மின்கம்பி, டிரான்ஸ்பார்மர் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு, பெர்லின் இரவின் அமைதி விநோதமாக இருந்திருக்கிறது. மின்சாதனங்களின் மின்காந்த அலைகளை ஒலியாக மாற்றும் மைக்குகளை வைத்து, 50 நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரே டிராக்காக அதைச் செய்தார். தூக்கம் வர இதைப் போட்டுவிடாதீர்கள், தூக்கிவாரிப்போடும். நல்ல ஹெட்போனில், வேறு வேலை எதுவும் இல்லாதபோது கேட்க வேண்டியது. மேலே சொன்ன ஸ்ட்ரீம் கணக்கில் இந்த முழு ஆல்பத்துக்கும் மதிப்பு, ஒன்று!

அடுத்து ஆருஷி ஜெயின். இந்துஸ்தானி சங்கீதம் கற்று, ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர், மாடுலர் சிந்தசைசரில் ராகம் வாசிக்கிறார். மாலை மயங்கும் நேரத்தில் கேட்பதற்கென்றே 2021-ல் ‘அண்டர் தி லைலாக் ஸ்கை’ வெளியிட்டார். 2024-ல் வந்த ‘டிலைட்’ முழுவதும் பாகேஸ்ரீ ராகத்தைச் சுற்றியே நகர்கிறது. நம் சபாக்களில் துக்கடா நேரத்தில் எட்டிப் பார்க்கும் ராகம்தான் என்பதால், காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் ஆலாபனை, ஸ்வரம் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். குரலும் செல்லோவும் புல்லாங்குழலும் துண்டு துண்டாகச் சிதறி மறுபடி சேர்கின்றன. ஆம்பியன்ட் பக்கமே போகாதவர்களுக்கு முதல் ஆல்பமாகத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கனடாவின் டிம் ஹெக்கர் 2023-ல் வெளியிட்ட ‘நோ ஹைஸ்’, ரிலாக்ஸ் ஆக வைக்கும் கார்ப்பரேட் ஆம்பியன்ட்டுக்கு எதிர்ப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தது. கேட்டால் பதற்றம்தான் வருகிறது. காலின் ஸ்டெட்சனின் சாக்ஸபோன் வரும் இடங்கள் அபாரம். திங்கட்கிழமை காலைக்கு வேண்டாம்.

புதிதாக வந்த பழையது ஒன்றும் உண்டு. 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கல்லூரியில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்தார். அங்கே பதிவான டேப்புகள் பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் தேடிக் கண்டெடுக்க, 2023-ல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தன. இதில் இடம்பெற்றிருக்கும் கீதா சாராபாய்தான் 1940-களில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர். எல்லா டிராக்கும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சில வெறும் சோதனை முயற்சிகள். ஆனாலும், இந்திய எலெக்ட்ரானிக் இசை ஐ.டி. காலத்தில் பிறந்தது என்று நினைப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

காசு யாருக்குப் போகிறது?

இந்த ஆல்பங்களை ஸ்பாட்டிஃபையிலும் கேட்கலாம். பிடித்துப்போனால் வாங்குவதற்குப் பெரும்பாலானோர் போகும் இடம் பேண்ட்கேம்ப். 2008-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் கலைஞர்களோ லேபிளோ நேரடியாகக் கடை போடுகிறார்கள். டிஜிட்டல் ஆல்பத்தின் விலையில் தளம் எடுப்பது 15 சதவீதம். பணம் செலுத்தும் கட்டணம் போக மிச்சம் அவர்களுக்கு. வாங்கும் முன் சில தடவை முழுசாகக் கேட்டுப் பார்க்கலாம். ‘நீங்களே விலை சொல்லுங்க’ என்று விட்டுவிடும் கலைஞர்களும் நிறைய. பேண்ட்கேம்ப்பும் புனிதமான இடம் ஒன்றும் இல்லை. 2022-ல் எபிக் கேம்ஸ் வாங்கி, மறுவருடமே சாங்டிரேடருக்கு விற்றபோது, ஊழியர்களில் சுமார் பாதிப்பேருக்கு வேலை போனது.

கொரோனா முடக்கத்தின்போது, 2020 மார்ச்சில் ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ தொடங்கியது. குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடும். தேதிகளைத் தளத்திலேயே அறிவிப்பார்கள். ஒரே சிக்கல், அது அமெரிக்க மேற்குக் கரை நேரம். இந்தியாவில் இருப்பவர்கள் வெள்ளி காலையிலேயே அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம். கோடையில் என்றால் மதியம் 12.30-க்கும் குளிர்காலத்தில் 1.30-க்கும் பிறகு வாங்கினால்தான் அந்தச் சலுகை கலைஞருக்குப் போகும்.