கேஸ் டியூப் வாங்கி எத்தனை வருஷம்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் வராது. வீட்டில் தீ ஆபத்து எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க நினைப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். எரிவாயு நிறுவனங்கள் தரும் ஆரஞ்சு நிற டியூபின் ஆயுள் 5 ஆண்டு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் மேலே அச்சிட்டிருப்பது தெரியும். லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் 5 ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். சோப்பு நுரையை டியூபின் இரு முனைகளிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் தடவினால், கசிவு உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் வீரர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

புதிய சிலிண்டரின் வால்வுக்குள் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது தேய்ந்திருந்தாலோ இல்லாமல் போனாலோ ரெகுலேட்டரை மாட்டியதும் கேஸ் கசியும். சிலிண்டர் கொண்டுவருபவர் கிளம்பும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. நாம் முகர்வது, கசிவு தெரிவதற்காகவே கலக்கும் மெர்காப்டானின் நாற்றம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தாழ்வான மூலையில் தேங்கும். அதனால் நாற்றம் வந்தால் ஜன்னலோடு கதவையும் திறக்க வேண்டும். எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது, அணைந்ததைப் போடவும் கூடாது. இரண்டிலும் சுவிட்சுக்குள் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐக் கூப்பிடுங்கள். சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் மோப்பம் குறைந்திருக்கலாம். பாட்டி தனியாகச் சமைக்கும் வீட்டில் கேஸ் கசிவு அறிவிக்கும் கருவி ஒன்று வாங்கி வைப்பது, என் கணக்கில், வீண் செலவு அல்ல.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டுப்போட்டு மூடி, ஆறும்வரை தொடாதிருந்தால் போதும்.

அடுத்து மின்சாரம். இதற்கு உள்ளங்கைதான் கருவி. அயர்ன் பாக்ஸோ கீசரோ அரைமணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டாலோ, சுற்றிலும் பழுப்பேறியிருந்தாலோ உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. எம்சிபி இருக்கிறதே என்று இதில் நம்பி இருக்க முடியாது. அளவுக்கு மீறி மின்சாரம் போனால்தான் அது விழும். தளர்ந்த இணைப்பு அளவான மின்சாரத்திலேயே சூடேறிக் கருகும்.

சிறிய கணக்கு ஒன்று. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். ஹாலில் டிவி, மொபைல் சார்ஜருக்கென்று போட்ட பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகி இந்த அடுப்பை ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல எலக்ட்ரீஷியன் தேவையில்லை. எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று பெரிதாக ஒன்றை மாற்றுவதும், பழைய வீடுகளில் ஃப்யூஸ் போனதும் கிடைத்த கம்பியை முறுக்கிக் கட்டுவதும் ஒரே தப்புதான்: சுவருக்குள் இருக்கும் ஒயர் அப்படியே மெல்லிசாகத்தானே இருக்கிறது?

தண்ணீர் ஊற்றும் வகை இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். மாடிப்படிக்கு அடியில் அலமாரி செய்து, அதைப் பூட்டி, பக்கத்திலேயே சாமி விளக்கும் ஏற்றும் வீடுகள் உண்டு. காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மின்சார ஸ்கூட்டரை வாசலை அடைத்து நிறுத்திச் சார்ஜ் போடவும் வேண்டாம்.

கடைசியாக, சாவி. திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கிரில் போட்டு, வாசல் கிரில் கேட்டையும் மொட்டைமாடிக் கதவையும் பூட்டிவிடுகிறோம். சாவி பீரோவுக்குள்ளோ அப்பாவின் சட்டைப் பையிலோ கிடக்கும். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வீட்டின் கடைக்குட்டியிடம் கேட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால், வெளியிலிருந்து கை எட்டாத, அந்தப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்து சாவியை மாட்டுங்கள். பக்கத்தில் தீயணைப்பு எண் 101 என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.